கைப்பக்குவமும் ஏட்டுப் பக்குவமும்



சமையலைப் பற்றி ஆராய்வதற்கென்று ஒரு சபை கூடுவது நம்மிடையே அபூர்வமான காரியம். சங்கீதத்துக்குச் சபை உண்டு, நாட்டியத்துக்கு உண்டு, நாள்தோறும் நம்மைப் போஷித்து வரும் இந்தக் கலையோ, வீட்டின் பின்கட்டில் நிகழ்வதாலும், அதன் சுமையைப் பெரும்பாலும் பெண்களே தாங்கி வந்ததாலும், சிரத்தையோடு விசாரிக்கத் தக்க ஒரு வித்தையாகக் கருதப்படாமலே நெடுங்காலம் கழிந்துவிட்டது. அந்தக் குறையைப் போக்குவதற்காக மாதர் சங்கத்துச் சகோதரிகளாகிய நீங்கள் ஏற்படுத்தியிருக்கும் இச்சொற்பொழிவு வரிசையில் எனக்கு அளிக்கப்பட்ட விஷயம், கேக் முதலிய பண்டங்களை வீட்டில் சுடும்போது, எழுதியிருக்கும் முறையை மீறுவதால் நேரும் கேடுகள் என்பது. இது அற்ப விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். நல்ல வெண்ணெயும் முட்டையும் சர்க்கரையும், ஒரு பெண்ணின் அரை நாள் உழைப்பும், வீட்டுக் குழந்தைகளின் ஆவலும் ஒருசேர வீணாகின்ற ஒரு காரியத்தை அற்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொதுவாக இத்தகைய தோல்விக்கு அஜாக்கிரதையே காரணம் என்று சொல்லிவிடுவார்கள். படித்துப் பார்க்கவில்லை, பொறுமையில்லை, கவனமில்லை என்று குற்றம் சாட்டுவதோடு விசாரணை முடிந்துவிடும். என் அபிப்பிராயம் வேறு. நான் கண்ட அளவில், சமையலே அறியாத இளம் பெண் முதன்முதலாகக் கேக் செய்யும்போது பெரும்பாலும் அது ஒருவாறு நன்றாகவே அமைந்துவிடுகிறது. நாற்பது வருஷம் அடுப்படியில் நின்று பெயர் வாங்கிய கைகளில்தான் அது கெட்டுப்போகிறது. இது விந்தையாகத் தோன்றினாலும் இதற்குத் தக்க நியாயம் இருக்கிறது என்பதையும், அந்த நியாயம் நம்முடைய சமையலின் சிறப்பிலிருந்தே பிறக்கிறது என்பதையும் உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நம் வீட்டுச் சமையல் கண்ணுக்கு எதிரே நடப்பது. குழம்பு கொதிக்கும்போது அதன் வாசனை மாறுவதை மூக்கு அறிகிறது. கடுகு வெடித்து அடங்கும் ஓசையைக் காது அறிகிறது. பாகு விரலிடையே ஒற்றைக் கம்பியாக நீளுவதைக் கண் பார்க்கிறது. உப்புக் குறைந்தால் சேர்க்கலாம், புளிப்பு மிகுந்தால் நீர் விட்டு விளாவலாம், இறுகினால் நெய் விடலாம், தீ அதிகமானால் தணிக்கலாம். இறக்கி வைக்கும் கணம் வரையில் பண்டம் சமைப்பவளின் ஆளுகையை விட்டு அகலுவதில்லை. பழம்புளிக்கும் புதுப்புளிக்கும் புளிப்பு வேறு. பழைய அரிசி குடிக்கும் தண்ணீரைப் புது அரிசி குடிப்பதில்லை. இப்படிப்பட்ட பொருள்களுக்கு இத்தனை கரண்டி என்று ஓர் எண்ணை நிர்ணயித்துவிட்டால், அந்த எண்ணே பல வேளைகளில் தவறாகிவிடும். ஆகையால்தான் நம் பெரியவர்கள் பக்குவம் சொல்லும்போது உப்பைத் தேவையான அளவு என்றார்கள். அது அளவு தெரியாதவர்களின் பேச்சன்று. சமைப்பவளின் புலன்களிடத்தில் அவர்கள் வைத்திருந்த பூரண நம்பிக்கையின் அடையாளம்.

ஓவனில் சுடும் பண்டங்களின் இயல்பு இதற்கு முற்றிலும் மாறானது. குயவன் சக்கரத்தின் மேல் இருக்கும் வரையில் மண்ணை எப்படியும் திருத்தலாம். சூளையில் அடுக்கி வாயை மூடிய பிறகு அவன் கைத்திறன் அதற்குள் நுழைய முடியாது. கேக்கும் அவ்வாறே. டின்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதும், சமைப்பவள் செய்யத் தக்கது காத்திருத்தல் ஒன்றே. ருசி பார்க்க முடியாது, கிளற முடியாது, குறைந்ததைச் சேர்க்கவும் மிகுந்ததை எடுக்கவும் வழியில்லை. ஆதலால் மற்றச் சமையலில் அடுப்பின் மேல் நிகழும் திருத்தங்களெல்லாம் இங்கே அடுப்புக்கு முன்பே நிகழ்ந்து தீர வேண்டியிருக்கிறது. அந்த முன்திருத்தங்களைத்தான் குறிப்பு என்ற பெயரால் எழுதி வைத்திருக்கிறார்கள். கிராமும் அங்குலமும் நிமிஷமும் அங்கே வந்து நிற்பது இதனால்தான்.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். எங்கள் உறவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். கோதுமை அல்வாவுக்கும் மைசூர்பாகுக்கும் அவரைக் கேட்டுத்தான் கல்யாண வீட்டில் சரக்கு வாங்குவார்கள். அவ்வளவு கை தேர்ந்தவர். பேரனின் பிறந்த நாளுக்கு வீட்டிலேயே கேக் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒரு குறிப்பைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். மைதா 200 கிராம், வெண்ணெய் 200 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி. இளகிய வெண்ணெயைச் சர்க்கரையோடு வெளுக்க அடிக்க வேண்டும். மாவைச் சேர்த்த பிறகு அதிகம் கலக்கக் கூடாது. 8 அங்குல டின். ஓவனை முன்கூட்டியே 180 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்கக் கூடாது. இவ்வளவுதான் குறிப்பு. இதில் ஏறக்குறைய ஒவ்வொரு வரியையும் பெரியம்மா தம்முடைய அனுபவத்தைக் கொண்டு திருத்தினார். பேக்கிங் பவுடர் வீட்டில் இல்லை. டப்பாவில் ஆப்ப சோடா இருந்தது. இரண்டும் உப்பச் செய்பவைதானே என்று அதையே 2 தேக்கரண்டி போட்டார். வெண்ணெயை உருக்கி ஊற்றினார். மாவைக் கட்டியில்லாமல் நெடுநேரம் அடித்தார். வீட்டிலிருந்த 6 அங்குல டின்னில் விளிம்பு வரை நிரப்பினார். குளிர்ந்த ஓவனில் அதை வைத்து, அதன் பிறகே சுவிட்சைப் போட்டார்.

கால் மணி கழிந்ததும் கதவைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்க்கப் போனார்.

“பாட்டி, அரை மணி வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு” என்றாள் பேத்தி.

“பதம் பாக்காம எப்படிடி சமைக்கிறது?” என்றார் அவர்.

நான் இந்தக் கேள்வியை மிகவும் மதிக்கிறேன். ஒரு வாழ்நாளின் தொழில் நேர்மை அதில் இருக்கிறது. ஆயினும் அன்று நடந்தது என்ன? மாவு பொங்கி வழிந்து ஓவனின் அடித்தட்டில் விழுந்து கருகிற்று, வீடெல்லாம் புகை. டின்னுக்குள் நின்ற பகுதி ஓரங்களில் காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கறுத்து, நடுவில் குழிந்து, குழிக்குள் பிசுபிசுவென்று வேகாத மாவாகக் கிடந்தது. வெந்த ஓரத்தை வாயில் வைத்தால் சோப்பின் ருசி. அந்த அம்மாள் மனம் நொந்து, “இந்தச் சனியன் பிடித்த பெட்டி எனக்கு வேண்டாம்” என்று சொல்லி, ஓவனைத் துணி போட்டு மூடிவிட்டார். இத்தனை தேர்ந்த ஒரு கை இத்தனை அவமானத்துக்கு உள்ளாயிற்றே என்ற வருத்தத்தினாலேயே இந்த விஷயத்தை நான் ஊன்றி ஆராயத் தொடங்கினேன்.

ஆராய்ந்தபோது நான் கண்டது இதுதான்: அவர் செய்த மாறுதல்களில் ஒன்றுகூட மூடத்தனமானதன்று. ஒவ்வொன்றும் வேறொரு பண்டத்துக்குச் சரியான முறை. உருக்கிய நெய்யை ஊற்றாமல் மைசூர்பாகு இல்லை. அரிசிப் பானையைக் குளிர்ந்த அடுப்பில் ஏற்றிய பின்பே தீ மூட்டுகிறோம். மைதாவை அடித்துப் பிசைந்து இழுக்காமல் பரோட்டா இல்லை. ஆனால் அந்த முறைகள் எந்தக் காரணத்தால் அங்கே பலித்தனவோ, அந்தக் காரணம் கேக்கில் இல்லை.

ஆப்ப சோடாவை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்றெல்லாவற்றையும்விட இதுவே நம் வீடுகளில் அதிகமாக நேரும் பிழை. ஆப்ப சோடா என்றும் சமையல் சோடா என்றும் நாம் வழங்குவது சோடியம் பைகார்பனேட் என்னும் ஒரே உப்பு. அது காரப் பொருள். புளிப்பான ஒரு பொருளோடு ஈரத்தில் கூடும்போது அது கரியமில வாயுவை வெளியிடும். அந்த வாயுவே மாவை உப்பச் செய்வது. ஆப்ப மாவு இரவு முழுவதும் புளித்திருக்கிறது. லாக்டிக் அமிலம் அதில் நிறைந்திருக்கிறது. ஒரு சிட்டிகை சோடாவைக் கரைத்து விட்டதும் அது தனக்கு வேண்டிய அமிலத்தைக் கண்டுகொண்டு, வாயுவைக் கொடுத்துத் தன் காரத்தையும் இழந்துவிடுகிறது. பெரியம்மாவின் கை ஆயுள் முழுவதும் இதைத்தான் கண்டது. ஆனால் மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை என்னும் நான்கில் சொல்லத்தக்க புளிப்பு எங்கே இருக்கிறது? பேக்கிங் பவுடர் என்பது இந்தச் சோடாவை மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ அளவில் எடுத்து, அதற்கேற்ற அமில உப்பையும் உலர்ந்த மாச்சத்தையும் கூட்டிச் செய்த கலவை. அதாவது அந்த 2 தேக்கரண்டிப் பவுடரில் உண்மையான சோடா ஏறத்தாழ அரைத் தேக்கரண்டிதான். மற்றதெல்லாம் அதைச் சமன் செய்வதற்கும் ஈரம் படாமல் காப்பதற்கும் ஏற்பட்டவை. அவற்றுக்குப் பதிலாக முழுச் சோடாவையே இட்டபோது, வேண்டியதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு சோடா, அமிலத்தின் துணையில்லாமல் மாவுக்குள் போயிற்று. அமிலம் இல்லாத சோடா உஷ்ணத்தால் மட்டுமே சிதைகிறது. சிதைந்து வாயுவில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டுச் சோடியம் கார்பனேட்டாக மாவிலேயே தங்கிவிடுகிறது. சோடியம் கார்பனேட் என்பது வேறொன்றுமில்லை. துணி வெளுக்கப் பயன்படுத்தும் சலவைச் சோடாவே அது. கொழுப்போடு காரம் சேர்ந்த இடத்தில் நாக்குக்குச் சோப்பின் ருசி தெரிந்ததில் ஆச்சரியம் என்ன? நிறம் கறுத்ததற்கும் அதுவே காரணம். புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடிப் பழுப்பாகும் மாற்றத்தை 1912-இல் மையார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி விவரித்தார். காரம் மிகுந்த இடத்தில் அந்த மாற்றம் விரைவாக நிகழ்கிறது.

மோர், தயிர், எலுமிச்சைச் சாறு இவற்றில் ஒன்று சேரும் கேக்குகளில் சோடாவையே நேராக இடச் சொல்லியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே அமிலம் இருக்கிறது, இங்கே இல்லை. இந்த ஒரு காரணத்தை அந்தத் தாளில் ஒரே வரியாக எழுதியிருந்தால் பெரியம்மா கடைக்குப் பேத்தியை அனுப்பியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமேயில்லை.

இந்தப் பவுடரின் சரித்திரமும் சிந்திக்கத் தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சமையல் நூல்களில் கேக் மாவை ஒரு மணி நேரம் கையால் அடிக்கும்படி சொல்லியிருக்கும்; காற்றைப் புகுத்த அதைவிட எளிய மார்க்கம் அன்று இல்லை. 1796-இல் அமெரிக்காவில் வெளியான அமீலியா சிம்மன்ஸின் நூலில், மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரம் ஒன்றைச் சில பண்டங்களுக்குச் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. 1843-இல் பர்மிங்ஹாம் நகரத்து மருந்து வியாபாரியான ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவியின் பொருட்டு, காரத்தையும் அமிலத்தையும் உலர்ந்த நிலையிலேயே கூட்டி வைக்கும் உபாயத்தைக் கண்டார். பிறகு 1856-இல், ஜெர்மனியில் லீபிக் என்னும் ரசாயனப் பேராசானிடம் பயின்ற ஈபன் ஹார்ஸ்ஃபோர்ட் என்ற அமெரிக்கர், கால்சியம் பாஸ்பேட்டை அமிலமாகக் கொள்ளும் முறைக்கு உரிமை பெற்றார். ஒரு மணி நேரம் கை சோரப் பெண்கள் அடித்த அடியை ஒரு தேக்கரண்டிக்குள் அடக்கிய உழைப்பு இது. அதைச் சாமானியமாக நினைத்து மாற்றிப் போடுவது அந்த உழைப்பை அறியாததால் வருவது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பவுடரோ சோடாவோ மாவுக்குள் புதிய குமிழிகளை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழிகளைப் பெரிதாக்குவதே அதன் வேலை. அந்த முதற் குமிழிகள் எங்கிருந்து வருகின்றன? இளகியும் உருகாமலும் இருக்கிற வெண்ணெயைச் சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைத் துகளின் கூரிய முனைகள் கொழுப்புக்குள் காற்றை இழுத்துச் செல்ல, கொழுப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெண்ணெய் வெளுக்கிறதே, அது உள்ளே காற்று ஏறியதற்குப் பிரத்தியட்சமான சாட்சி. உருகிவிட்ட வெண்ணெய் அந்தக் காற்றைப் பிடித்து வைக்காது. மாவைச் சேர்த்த பின் அதிகமாக அடிப்பதால் வரும் கேட்டை நீங்களே அறிவீர்கள். பரோட்டாவில் நாம் விரும்பி வளர்க்கும் அதே பசைப் புரதம் கேக்கை இறுக்கிவிடும். டின்னைப் பற்றி ஒரு கணக்கே போதும்: 8 அங்குல வட்டத்தின் பரப்பும் 6 அங்குல வட்டத்தின் பரப்பும் 64-க்கு 36 என்ற விகிதத்தில் இருக்கின்றன, ஆகவே சிறிய டின்னில் மாவு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு உயரம் நிற்கும். ஓரம் கருகும் நேரத்தில் நடு வேகாமல் இருந்ததன் காரணம் பாதி இதிலே அடங்கிவிட்டது.

மீதிப் பாதி கதவில் இருக்கிறது. பதம் பார்ப்பதற்காகத் திறந்த கதவு ஏன் கேட்டை விளைவிக்க வேண்டும்? கேக்கின் வேக்காட்டில் இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் போட்டியிட்டு நடக்கின்றன. வாயுவும் நீராவியும் குமிழிகளை ஊதிக்கொண்டே போகின்றன. அதே சமயத்தில் முட்டையின் புரதம் உறைந்தும், மாவின் மாச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்தும், அந்தக் குமிழிகளைச் சுற்றி ஒரு சுவரை எழுப்புகின்றன. சர்க்கரை மிகுந்திருப்பதால் சுவர் எழுவது இன்னும் தாமதப்படுகிறது. ஓரத்தில் சுவர் முதலில் எழும். நடுப்பகுதியில் கடைசியாக எழும். அதற்கு முன்னதாகக் கதவைத் திறந்தால், சூடேறிய காற்று ஒரே மூச்சில் வெளியே பாய்ந்து குளிர்ந்த காற்று உட்புகுகிறது. விரிந்திருந்த வாயு சுருங்குகிறது. தாங்கச் சுவர் இல்லாத நடு அமிழ்ந்துவிடுகிறது. அல்வாவில் பதம் பார்ப்பதால் அல்வா மாறுவதில்லை. இங்கோ பார்ப்பதே பண்டத்தை மாற்றிவிடுகிறது. பெரியம்மாவின் கேள்விக்கு இதுவே விடை. இந்த விடையை அந்தப் பேத்தியால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவள் கையிலிருந்த தாளும் அதைச் சொல்லவில்லை. ஓவனை முன்கூட்டியே சூடாக்குவதன் அவசியமும் இதே போட்டியைச் சேர்ந்தது: மெல்ல ஏறும் சூட்டில் வாயு முன்னதாகவே பிறந்து, சுவர் எழுவதற்குள் கசிந்து போய்விடும்.

குறிப்பின்படி நடப்பது மேல்நாட்டாரின் பிறவிக் குணம் என்றும் நம்முடைய சுபாவத்துக்கு அது ஒவ்வாது என்றும் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. அவர்களுடைய பழைய நூல்களிலும் ‘முட்டையளவு வெண்ணெய்’ என்ற பாணியில்தான் அளவுகள் இருந்தன. ஓவனின் சூட்டைக் கையை உள்ளே நீட்டிப் பார்த்தும், ஒரு காகிதத்தை வைத்து அது பழுப்பாகும் வேகத்தைப் பார்த்தும்தான் அவர்களும் அறிந்தார்கள். 1845-இல் எலைஸா ஆக்டன் என்ற ஆங்கில மாது தம்முடைய சமையல் நூலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் பொருள்களின் அளவையும் வேகும் நேரத்தையும் தனியே தொகுத்துக் காட்டும் வழக்கத்தை ஏற்படுத்தினார். அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1896-இல், பாஸ்டன் சமையற் பள்ளியின் தலைமையை வகித்த ஃபானி ஃபார்மர், கரண்டியையும் கோப்பையையும் குவித்து அளக்காமல் கத்தியின் முதுகால் வழித்துச் சமமாக அளக்க வேண்டும் என்ற நியமத்தைத் தம் நூலால் நிலைநாட்டினார். இளம் பருவத்திலேயே பக்கவாதத்தால் படிப்பை நிறுத்தி வீட்டில் அடங்கியிருக்க நேர்ந்தவர் அவர். அந்த நூல் விற்பனையாகும் என்ற நம்பிக்கை பதிப்பாளருக்கு இல்லாமற் போகவே, முதற்பதிப்பு 3,000 பிரதிகளுக்கும் ஆன செலவை அவரே ஏற்றுக்கொண்டார். கேஸ் அடுப்புகளில் உஷ்ணத்தைத் தானே நிலைநிறுத்தும் கருவி இங்கிலாந்தில் 1923-இல்தான் வந்தது. ஆகவே இன்று நாம் சாதாரணமாகப் படிக்கும் ‘180 டிகிரி, 40 நிமிஷம்’ என்ற சிறு வாக்கியத்தின் பின்னே பல தலைமுறைப் பெண்கள் கருக்கிய கேக்குகளும் சிந்திய கண்ணீரும் இருக்கின்றன.

அப்படியானால் குறிப்பை ஒருபோதும் மீறலாகாதா என்று கேட்பீர்கள். மீறிச் சிறந்தவர் ஒருவர் நமக்கு மிக அருகிலேயே இருந்தார். தலைச்சேரியில் 1880-இல் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கி நடத்தி வந்தவர் மாம்பள்ளி பாப்பு. 1883-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன், அஞ்சரக்கண்டி இலவங்கப் பட்டைத் தோட்டத்தின் உரிமையாளரான மர்டாக் பிரௌன் துரை, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பிளம் கேக் ஒன்றை அவரிடம் கொடுத்து, இதைப் போலச் செய்ய முடியுமா என்று கேட்டு, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மாஹேயிலிருந்து பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படியும் சொன்னாராம். பாப்பு பிராந்திக்குப் பதிலாக, முந்திரிப் பழத்தையும் கதலிப் பழத்தையும் கொண்டு உள்ளூரில் வடித்த மதுவைச் சேர்த்துக் கேக்கைச் செய்து கொடுத்தார். துரை மகிழ்ந்து மேலும் ஒரு டஜன் செய்யச் சொன்னார் என்று அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பாப்பு எதை மாற்றினார் என்று கவனியுங்கள். பழங்களை ஊற வைத்து மணமூட்டும் திரவத்தை மாற்றினார். மாவை உயர்த்தி நிறுத்தும் பாகம் வேறு, மணமூட்டும் பாகம் வேறு என்பதை அடுப்பின் முன்னே நின்று பழகிய அந்தத் தொழிலாளி அறிந்திருந்தார் என்றே நான் கொள்கிறேன். ஏலக்காய்க்குப் பதில் சுக்கு, திராட்சைக்குப் பதில் பேரீச்சை, வனிலாவுக்குப் பதில் பன்னீர் என்று நீங்கள் மனம்போல மாற்றலாம். கேக் எழுந்து நிற்கும். மாவு, முட்டை, கொழுப்பு, சர்க்கரை, உப்பச் செய்யும் பொருள், டின், சூடு என்பவற்றைத் தொடுவதானால், அதன் காரணத்தை அறிந்த பின்பே தொட வேண்டும்.

ஓவன் இல்லாத வீடுகளில் பிரஷர் குக்கரில் உப்பையோ மணலையோ பரப்பிக் கேக் செய்யும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. அம்முறையைச் சொல்பவர்கள் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கிவிடும்படி தவறாமல் சொல்வார்கள். அதை மீறுவதால் கேக் மட்டும் கெடுவதில்லை. உயிருக்கே ஆபத்து நேரலாம். நீரில்லாமல் குக்கரைச் சூடாக்குவதையே அதைச் செய்து விற்பவர்கள் தடை செய்கிறார்கள். கனமான அடியுள்ள ஒரு சாதாரணப் பாத்திரமும் இறுக்கமான மூடியும் இருந்தால் அதே காரியம் நடக்கும். அதையே கைக்கொள்ளும்படி உங்களை வேண்டிக்கொள்கிறேன்.

இதுவரையில் படிப்பவர்களைப் பற்றிப் பேசினேன். எழுதுபவர்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. கட்டளை மட்டும் எழுதி, காரணத்தை எழுதாமல் விடுவது, அறிவுள்ள ஒரு பெண்ணை வேலைக்காரியாக நடத்துவதற்குச் சமானம். தன் தொழிலில் தேர்ந்த ஒருத்தி, காரணம் தெரியாத கட்டளையைக் காணும்போது தன் அனுபவத்தைத்தான் நம்புவாள், நம்பவும் வேண்டும். ‘கதவைத் திறக்காதே’ என்பதோடு, ‘நடுப்பகுதி இன்னும் உறையவில்லை, குளிர்காற்று பட்டால் அமிழ்ந்துவிடும்’ என்று எழுதினால் ஒரு வரிதான் கூடும். ‘பேக்கிங் பவுடர்’ என்ற இடத்தில், ‘ஆப்ப சோடா இதற்கு ஆகாது, இந்த மாவில் புளிப்பு இல்லை’ என்று எழுதினால் இன்னொரு வரி கூடும். அளவுகளிலும் இதே அலட்சியத்தைக் காண்கிறேன். ‘ஒரு கப் மைதா’ என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியாவில் அது 250. அங்கே மேஜைக்கரண்டி 20 மில்லிலிட்டர், மற்ற நாடுகளில் 15. நம் வீட்டு டம்ளருக்கோ பிரமாணமே கிடையாது. ஒரே கப்பில் மைதாவைச் சலித்துத் தூவினால் ஓர் எடை, அழுத்தி அள்ளினால் வேறோர் எடை. தராசு ஒன்று இன்று அதிக விலையில்லை; கிராமில் எழுதினால் இந்தக் குழப்பம் அத்தனையும் தீரும். உஷ்ணத்தை எழுதும்போது சென்டிகிரேடா ஃபாரன்ஹீட்டா என்று சொல்லாமல் விடுவதும் உண்டு. அமெரிக்க நூல்களில் காணும் 350 டிகிரி நமக்கு 177 டிகிரி.

உங்கள் சங்கம் அங்கத்தினர்களின் பக்குவங்களைத் திரட்டி ஒரு நூலாக வெளியிடப் போவதாகத் தலைவி அவர்கள் தெரிவித்தார்கள். மிக நல்ல காரியம். அதில் அல்வாவுக்கும் அதிரசத்துக்கும் பழைய முறையிலேயே பதத்தை வருணித்து எழுதுங்கள். அந்தப் பண்டங்களுக்கு அதுவே ஏற்றது. கேக்குக்கும் ரொட்டிக்கும் தூத்துக்குடி மக்ரூனுக்கும் வரும்போது, எடையும் டின்னின் அளவும் ஓவனின் சூடும் கட்டாயம் இடம்பெற வேண்டும். எந்த வரியை மாற்றலாம், எந்த வரியை மாற்றக் கூடாது, ஏன் என்பதும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மக்ரூனுக்கு வெள்ளைக் கருவை அடிக்கும் பாத்திரத்தில் எண்ணெய்ப் பசையோ மஞ்சள் கருவின் துளியோ இருக்கலாகாது என்று எழுதுகிறவர்கள், கொழுப்பு பட்டால் நுரை எழும்பாது என்பதையும் சேர்த்தே எழுதட்டும். பெரியம்மாவுக்கு அத்தகைய ஒரு தாளைத்தான் நான் பிறகு எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார், சோடாவைப் பற்றிய பகுதியை இரண்டாம் முறையும் படித்தார், “அப்ப ஆப்ப மாவு புளிச்சிருக்கிறதாலதான் அது ஏத்துக்குதா?” என்று கேட்டார். ரசாயனம் படித்த மாணவர்களிடமிருந்து அவ்வளவு நேரான கேள்வி எனக்குக் கிடைத்ததில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தச் சங்கத்துக்கு நீலகிரியிலிருந்தும் அங்கத்தினர்கள் இருப்பதாக அறிகிறேன். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரியில் அன்று, சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றின் அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் குமிழிகள் அளவுக்கு மிஞ்சி விரியும். நீர் விரைவில் ஆவியாகும். சமவெளியில் சரியாக இருக்கும் பேக்கிங் பவுடர் அங்கே அதிகமாகிவிடும். அதனால் அங்கே கேக் செய்பவர் பவுடரைச் சற்றுக் குறைத்தும், திரவத்தைச் சற்றுக் கூட்டியும் செய்வார். அந்த அளவைப் பார்த்து மதுரையில் ஒருத்தி செய்தால் அவளுக்கு ஒத்து வராது. ஆகையால் மலையிலிருந்து பக்குவம் எழுதி அனுப்பும் சகோதரிகள், பண்டத்தின் பெயருக்குக் கீழே தங்கள் ஊரின் பெயரையும் மறவாமல் குறித்து அனுப்ப வேண்டுகிறேன்.